ஓரிகான் பாதைக்கு எருதா, கோவேறு கழுதையா?

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து மேற்கே ஓரிகானுக்குச் சுமார் 3,200 கிலோமீட்டர், அதாவது 2,000 மைல். 1840, 50களில் அங்கே குடியேற வண்டி கட்டிப் புறப்பட்ட குடும்பங்கள் முதலில் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி, வண்டியில் எதைப் பூட்டுவது என்பதுதான்.

விலை: 1859இல் அமெரிக்க ராணுவ அதிகாரி கேப்டன் ராண்டால்ஃப் மார்சி பயணிகளுக்கான கையேட்டில் போட்ட கணக்கில் ஆறு கோவேறு கழுதைகள் (இனி சுருக்கமாகக் கழுதை) 600 டாலர், எட்டு எருதுகள் சுமார் 200 டாலர்.

பூட்டும் சாமான்: எருதுக்கு மர நுகத்தடியும் சங்கிலியும் போதும். கழுதைக்குத் தோல் சேணம் வேண்டும். அது தனிச் செலவு.

வேகம்: எருது மணிக்கு இரண்டு மைல்தான் நகரும். கழுதை வேகமானது, வெயிலையும் நன்றாகத் தாங்கும்.

தாக்குப்பிடிப்பது: நல்ல பாதையில் 1,000 மைல் வரை கழுதையே மேல் என்கிறார் மார்சி. 1,500, 2,000 மைல் என்றாலோ, மணலும் சேறுமான வழி என்றாலோ இளம் எருதுதான். வழியில் கிடைக்கும் புல்லே அதற்குப் போதும். உணவு தீர்ந்தால் அதுவே இறைச்சி. கொடுமைதான், ஆனால் அதையும் கணக்கில் சேர்த்தார்கள்.

லாடம்: எருதின் தொல்லை இங்கேதான். பிளந்த குளம்பு என்பதால் ஒரு மாட்டுக்கு எட்டுத் துண்டுகள் தேவை. மூன்று காலில் நிற்காது. கீழே சாய்த்துக் கட்டித்தான் அடிக்க வேண்டும். லாடம் இல்லாதபோது காட்டெருமைத் தோலைக் குளம்பில் கட்டினார்கள்.

காரநீர்: வயோமிங் பகுதியின் உவர்க்குட்டைகளில் குடித்த எருதுகள் செத்து விழுந்தன. தாகத்தோடு அவிழ்த்துவிடக் கூடாது.

குடும்பமும் பெரும் சுமையும் என்றால் எருது. கையில் பணம், குறைந்த சுமை, அவசரம் என்றால் கழுதை.