பழைய வெட்டுப்புள்ளியா, மாவட்ட நிலையா?

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்றே மட்டக்களப்பில் பலரும் தேடுவது, சென்ற ஆண்டின் மருத்துவ வெட்டுப்புள்ளியை, அதாவது மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகத் தேவைப்பட்ட ஆகக்குறைந்த இசட் புள்ளியை. என் தங்கையும் பென்சிலால் கழித்துப் பார்த்துவிட்டு, அழுதபடியே படுத்துவிட்டாள். ஆனால் இசட் புள்ளி என்பது ஒருவரின் பரீட்சைப் புள்ளிகளை அந்தந்த ஆண்டு எழுதியவர்களோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படுவது. வெட்டுப்புள்ளியும் ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும்.

நான் மாவட்ட நிலையை, அதாவது மாவட்டத்தில் நீங்கள் எத்தனையாவதாக வந்தீர்கள் என்பதைத்தான் நம்புவேன். பல்கலைக்கழக அனுமதி இடங்களில் 40 சதவீதம் தீவளாவிய திறமைக்கு, 55 சதவீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்டப் பங்கு சட்டென்று மாறாது. ஆகவே சென்ற முறை எத்தனையாம் நிலை வரை மருத்துவ பீடம் கிடைத்தது என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். எல்லையில் நிற்பவர்கள் விண்ணப்பத்தில் சித்த மருத்துவத்தையும் தாதியியலையும் எழுதத் தவறவேண்டாம்.