சைக்காலஜியா, சோஷியல் ஒர்க்கா?

தங்கச்சிமடத்தில் பிளஸ் டூ முடித்த அக்கா மகள், "மாமா, எதை எடுக்கட்டும்?" என்றாள்.

மனதைப் படிக்கும் வித்தை என்று நம்பி உளவியலுக்குப் போகிறவர்களை முதலில் மிரட்டுவது புள்ளியியல்தான். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்ற அறிஞர் உளவியல் ஆய்வகம் தொடங்கிய நாளிலிருந்தே உளவியல் அளந்து பார்க்கும் படிப்பு. இளங்கலைப் பட்டத்தை மட்டும் வைத்து மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது. அதற்குரிய பயிற்சியும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவும் வேண்டும்.

சமூகப்பணியில் களப்பணியே பாடம். கடலில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட மீனவருக்காகக் காத்திருக்கும் வீட்டில் தூக்கம் மட்டுமா போகிறது? வட்டிக்கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஆடிப்போகும். அங்கே மனு எழுதத் தெரிந்தவரும் தேவை.

ஆனால் இவளுக்குக் கணக்கு பிடிக்கும், பொறுமையும் உண்டு. சரி, உளவியலே எடு என்றேன். அப்புறம் முதுகலையில் சமூகப்பணிக்குத் தாவவும் வழி இருக்கிறது.