லூப் பேண்டும் டோர் ஆங்கரும்: நேரமில்லை, இடமில்லை என்பவர்களுக்கு எவ்வளவு உதவும்?

ஜிம்முக்குப் போக அரை மணி, வர அரை மணி, மெஷின் காலியாகக் காத்திருப்பது, புதிதாக வருபவருக்கு நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம். இத்தனையும் தாண்டிக் கிடைக்கும் பயிற்சி நேரம் முப்பது நிமிடம்தான். பலர் நின்றுபோவது இந்தக் கணக்கில்தான். கதவும் இரண்டு மீட்டர் தரையும் இருந்தால் போதும் என்று சொல்லும் ரெசிஸ்டன்ஸ் பேண்டுகள் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டைகள்) இந்தத் தடையை உண்மையிலேயே நீக்குகின்றன. ஆனால் எந்த வகையை வாங்குகிறோம், எப்படி மாட்டுகிறோம் என்பதில் தவறினால் அதுவும் அலமாரிக்குள் போய்விடும்.

கைப்பிடி, கொக்கி, கணுக்கால் பட்டை என்று பத்துப் பன்னிரண்டு உருப்படிகளோடு வரும் டியூப் செட்டை, அதாவது குழாய் வடிவ ரப்பர் பேண்டுகளைப் பார்த்தால் நிறைய கிடைப்பதுபோல் தோன்றும். ஒவ்வொரு பயிற்சிக்கும் கொக்கியைக் கழற்றி மாட்ட வேண்டும். இருபது நிமிடப் பயிற்சியில் நாலைந்து நிமிடம் அதிலேயே போய்விடும். டியூப் பெரும்பாலும் அறுவதும் கொக்கியோடு சேரும் முனையில்தான். எங்கள் தேர்வு, முனையில்லாத வளையமான லூப் பேண்ட், இரண்டாக மடித்துத் தட்டையாக வைத்தால் 104 செ.மீ. நீளம் (மடிப்பு நீளம்) உள்ளது. 13, 22, 32 மி.மீ. அகலத்தில் மூன்று, கூடவே, பேண்டை மாட்டக் கதவிடுக்கில் செருகும் பட்டையான டோர் ஆங்கர் ஒன்று. தொடங்குபவருக்கு இது போதும். அச்சில் வார்த்ததைவிட, லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) தாள்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்ததை வாங்குங்கள். விளிம்பில் கீறல் விழுந்தால் வார்த்தது சட்டென்று அறுந்துவிடும். அடுக்கு பேண்ட் முதலில் உரியத் தொடங்கும், அது நமக்கு எச்சரிக்கை.

உறையில் போட்டிருக்கும் கிலோ எண்ணை டம்பெல் எடைபோல எடுத்துக்கொள்ளாதீர்கள். பேண்ட் இழுக்க இழுக்கத்தான் கனக்கும். அந்த உயர்ந்த எண் முழு நீட்சியில் மட்டுமே கிடைக்கும். பாதி இழுத்தால் அதில் ஒரு பகுதிதான். ஒரு நிறுவனத்தின் சிவப்பும் இன்னொன்றின் சிவப்பும் ஒன்றல்ல. நிறத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

அதிகம் தவறு நடப்பது டோர் ஆங்கரில். நீங்கள் இழுக்கும்போது கதவு இன்னும் இறுக மூட வேண்டும், திறக்கக் கூடாது. அதாவது கதவு உங்களை நோக்கித் திறக்கும் பக்கத்தில் நிற்காதீர்கள். வேறு வழியில்லாமல் அந்தப் பக்கம் நின்றால் பூட்டிவிட்டுச் செய்யுங்கள். ஆங்கரைக் கைப்பிடிப் பக்கத்தைவிடக் கீல் பக்கம் மாட்டுவது உறுதி. மாட்டியதும் முதலில் மெதுவாக இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். காலடியில் பேண்டை மிதித்துச் செய்யும்போது அது விரல் பக்கம் வராமல் பாதத்தின் நடுவில் இருக்கட்டும். வழுக்கினால் நேரே முகத்துக்குத்தான் வரும், கண் போகும் அபாயம் அது. தட்டையான அடியுள்ள ஷூ போட்டுக்கொள்வது நல்லது. மடிப்பு நீளத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்க வேண்டாம்.

பயிற்சிக்கு ஐந்து அசைவுகள் போதும்: முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட், ஆங்கரில் மாட்டி மார்பை நோக்கி இழுக்கும் ரோ, முதுகைச் சுற்றிப் பேண்ட் போட்ட புஷ்-அப், இடுப்பை மடக்கி நிமிரும் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தள்ளும் பிரஸ். ஒவ்வொன்றும் 12 முறை, மூன்று சுற்று. இழுக்க ஒரு நொடி, திரும்ப மூன்று நொடி. திரும்பும்போது பேண்ட் நம்மைச் சுண்டி இழுத்துப்போக விட்டால் பாதிப் பலன் போச்சு. நடுவில் அரை நிமிட ஓய்வோடு மொத்தம் 20 நிமிடத்தில் முடியும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசை வலுப் பயிற்சி வேண்டும் என்கிறது. வாரம் இரண்டு நாள் செய்தால் அந்தப் பங்கு இதில் நிறைவேறிவிடும். அதே வழிகாட்டுதல் வாரத்துக்குக் கேட்கும் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்துக்கு நடையோ சைக்கிளோ தனியாக வேண்டும், பேண்ட் அதைத் தராது.

முதல் வாரம் பலரை நிறுத்துவது தசை வலி. பயிற்சிக்கு ஒன்று முதல் மூன்று நாள் வரை அது உச்சத்தில் இருக்கும். முதல் இரண்டு முறை ஒரே சுற்றோடு நிறுத்தினால் வலி தாங்கும்படி இருக்கும். மூட்டில் குத்தும் வலி வேறு, அது வந்தால் அந்த அசைவை விட்டுவிடுங்கள். மூன்று சுற்றிலும் 15 முறை சுலபமாக வந்தால் பேண்டைக் குறுக்கிப் பிடியுங்கள் அல்லது அடுத்த அகலத்துக்குப் போங்கள். இதை எழுதி வைப்பது அவசியம். எடைத் தட்டுபோல எண் கண்ணுக்குத் தெரியாததால், முன்னேற்றமே இல்லை என்று நினைத்து விடுபவர்கள் அதிகம். நடுவில் ஒருநாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று எண்ண வேண்டாம். பழக்கம் உருவாவதைப் பற்றி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்த ஆய்வில், ஒருநாள் விடுபட்டது பெரிய பாதிப்பைத் தரவில்லை.

லேடெக்ஸுக்கு வெயில், சூடு, எண்ணெய் மூன்றும் பகை. எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள், ஜன்னலோரம் தொங்கவிடாதீர்கள். வியர்வையை ஈரத் துணியால் துடைத்துக் காயவைத்து, லேசாக டால்கம் பவுடர் தூவுங்கள். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, வெண்கோடோ விளிம்பில் வெட்டோ தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இதை வாங்கவே கூடாது. துணி பேண்டிலும் உள்ளே லேடெக்ஸ் இழை இருக்கக்கூடும் என்பதால் உறையைப் படித்து வாங்குங்கள்.

ஏற்கெனவே கனமான எடையில் ஸ்குவாட் செய்பவருக்கு இது கால் பயிற்சிக்குப் போதாது. ஸ்குவாட்டின் அடிப்பகுதியில், நமக்குச் சுமை தேவைப்படும் இடத்தில், பேண்ட் தளர்ந்துவிடும். கால் வலுவுக்காக மட்டும் வாங்குவதானால் வேண்டாம். வெளியூர்ப் பையில் வைக்கவும், மழை நாளில் வீட்டுக்குள் செய்யவும், ஜிம் கூச்சம் தீரும்வரை பழகவும் இதைத் தயங்காமல் வாங்கலாம்.