கூகுள் போட்டோஸிலிருந்து வீட்டு நாஸுக்கு: டேக்அவுட், இமிச் பற்றிய ஒரு மதிப்புரை

கிளவுடில் சேர்ந்துவிட்ட படங்களை நாஸ் பெட்டிக்கு, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைந்து கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டிக்குக் கொண்டுவருவது பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் பெட்டியின் மதிப்புரைகளாகவே நின்றுவிடுகின்றன. எத்தனை ஹார்டு டிஸ்க் பொருத்தலாம், பிராசசர் எது, விசிறி எவ்வளவு சத்தமிடும் என்பவற்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பெட்டி வாங்குவது இந்த வேலையில் எளிதான பகுதி. பல ஆண்டுகளாகச் சேர்ந்த படங்கள் எடுத்த தேதி, எடுத்த இடம், ஆல்பம் ஆகியவை சிதையாமல் வெளியே வருகின்றனவா, வந்தவை புதிய இடத்தில் ஒழுங்காக அமர்கின்றனவா என்பதில்தான் நேரமும் பொறுமையும் செலவாகின்றன. ஆகவே கூகுள் போட்டோஸிலிருந்து டேக்அவுட் என்ற கூகுளின் ஏற்றுமதி வசதி வழியாக இறக்கி, இரண்டு டிஸ்க் கொண்ட ஒரு நாஸில் இமிச் என்ற படச் செயலிக்குள் ஏற்றும் முழு ஏற்பாட்டையும் ஒரே சேவையாக எடுத்துக்கொண்டு, அந்த ஒரு அளவுகோலை வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

இந்த வழி ஏன் இவ்வளவு சுற்றுவழியாக இருக்கிறது என்று புதிதாக வருபவர்கள் வியப்பார்கள். 2015 மே மாதம் கூகுள் போட்டோஸ் தொடங்கியபோது, சற்றே சுருக்கிய தரத்தில் எத்தனை படங்களை வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்ற வசதி இருந்தது. அது 2021 ஜூன் 1 முதல் நின்றது. அதன்பின் ஏற்றிய படங்கள், ஜிமெயிலும் டிரைவும் பங்கு போடும் அதே 15 ஜிபிக்குள் கணக்கில் வந்தன. அதற்கு முன்பே, 2019 ஜூலையில், டிரைவுக்கும் போட்டோஸுக்கும் இடையே இருந்த தானியங்கி இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த இணைப்பு இருந்தவரை டிரைவை நாஸுடன் ஒத்திசைத்தாலே படங்களும் இறங்கிவிடும். பிறகு ஏபிஐ வழியாக, அதாவது பிற செயலிகளுக்காக கூகுள் திறந்து வைத்த நுழைவாயில் வழியாகப் படங்களை இழுக்கும் கருவிகள் கொஞ்ச காலம் கைகொடுத்தன. அவற்றிலும் இறங்கும் படத்தில் இடத் தகவல் நீக்கப்பட்டிருக்கும், வீடியோ மறுபடி சுருக்கப்பட்டிருக்கும். 2025 மார்ச் 31 முதல் அந்தக் கதவும் ஏறக்குறைய மூடப்பட்டது. ஒரு செயலி தானே ஏற்றிய படங்களை மட்டுமே இப்போது அதனால் படிக்க முடியும். எனவே பழைய வழிகாட்டிக் கட்டுரைகளைப் பார்த்து ஆர்குளோன் போன்ற கருவிகளை நிறுவுபவர்கள், கருவியில் குறை எதுவும் இல்லாமலே வெறும் ஃபோல்டரைத்தான் காண்பார்கள். நாஸ் பெட்டியின் அட்டையில் கிளவுடுடன் ஒத்திசைவு என்று அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றைக் குறிக்கும். போட்டோஸ் அதில் அடங்காது. வாங்கும் முன் கேட்டுத் தெளிய வேண்டிய முதல் செய்தி இதுதான்.

எஞ்சியிருப்பது டேக்அவுட். இது தன் தரவைத் தானே எடுத்துச்செல்லும் உரிமைக்காக கூகுள் தரும் வசதி. காப்புப் பிரதிக்காக வடிவமைத்த கருவி என்று எண்ணிக்கொண்டு இதை அணுகினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏற்றுமதி கோரினால் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மின்னஞ்சலில் இணைப்பு வரும். கோப்புகளை 1, 2, 4, 10, 50 ஜிபி என எந்த அளவுத் துண்டுகளாக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். இணைய இணைப்பு உறுதியாக இருந்தால் 50 ஜிபியே நல்லது. இடையில் அறுபடும் இணைப்பு என்றால் 10 ஜிபிக்கு மேல் போக வேண்டாம், ஏனெனில் ஒவ்வொரு துண்டையும் குறிப்பிட்ட சில முறைதான் இறக்க முடியும், இணைப்பும் ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும். நேராக டிரைவில் சேர்க்கும்படி கோருவது வசதியாகத் தோன்றினாலும், அது டிரைவின் இடத்தையே தின்னும். இடம் போதாமல்தானே பலர் இந்த வேலைக்கே வருகிறார்கள். இறக்குவதற்கு பிரவுசரில் உள்நுழைந்து ஒவ்வொரு துண்டாகச் சொடுக்க வேண்டியிருப்பதால், நாஸ் தானாகவே இரவில் இறக்கிக்கொள்ளும் என்ற கனவும் கலைகிறது. ஒரு கணினியில் இறக்கி, அங்கிருந்து நாஸுக்கு நகர்த்துவதே நடைமுறை. கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 மெகாபைட் அளவு போகும் என்பதால் அந்தப் பகுதி பெரிய சுமையல்ல. வைஃபையில் செய்ய முயல்வதுதான் சோதனை.

ஜிப்பைத் திறந்து பார்க்கும்போது உண்மையான சிக்கல் தெரியவரும். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு ஆல்பத்துக்கும் தனி ஃபோல்டர் என்று இருக்கும். ஆல்பத்தில் உள்ள படம் ஆண்டு ஃபோல்டரிலும் மறுபடி இருக்கும். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதே பெயரில் ஜேசன் என்ற வகையைச் சேர்ந்த ஒரு சிறு எழுத்துக் கோப்பு. எடுத்த நேரம், இடம், எழுதிய குறிப்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நேரம் அங்கே நாம் படிக்கும் வடிவத்தோடு ஒரு நீண்ட எண்ணாகவும் எழுதப்பட்டிருக்கும். உதாரணமாக 1555200000 என்றிருந்தால், 1970 ஜனவரி 1 தொடங்கி அத்தனை நொடிகள் கடந்த தருணம், அதாவது 2019 ஏப்ரல் 14 அன்று உலக நேரப்படி நள்ளிரவு 0 மணி என்று பொருள். கேமராவில் எடுத்த படம் என்றால் அதற்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாகத் தேதி இருக்கும், ஜேசன் தொலைந்தாலும் பெரிதாகக் கெடுதல் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், ஸ்கேன் செய்த பழைய குடும்பப் படங்கள், போட்டோஸ் செயலிக்குள் கையால் தேதி திருத்திய படங்கள் ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஜேசனைப் பொருட்படுத்தாத செயலியில் இவற்றை ஏற்றினால், தாத்தாவின் கல்யாணப் படம் ஜிப்பைப் பிரித்த தேதியில் போய் நிற்கும்.

ஜேசனைப் பொருத்துவதும் அவ்வளவு நேரடியானதல்ல. கோப்பின் பெயர் நீளமானால் ஜேசனின் பெயர் நடுவிலேயே வெட்டுப்படும். ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருந்தால் அடைப்புக்குறிக்குள் இடும் எண் படத்தில் ஓரிடத்திலும் ஜேசனில் வேறிடத்திலும் வரும். திருத்திய படத்துக்குத் தனி ஜேசன் இருக்காது, மூலப் படத்தின் ஜேசனையே அதற்கும் கொள்ள வேண்டும். போதாததற்கு, படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் அடுத்த ஜிப்பிலும் விழலாம். இவற்றுக்கு மேல் நேர வலயம் என்ற வில்லங்கமும் உண்டு. ஜேசனில் இருப்பது உலக நேரம், எக்ஸிஃபில் வழக்கமாக இருப்பது எடுத்த இடத்து நேரம். முன்னதை அப்படியே பின்னதில் எழுதிவிடும் கருவியைப் பயன்படுத்தினால், கிரீன்விச்சுக்குக் கிழக்கே வாழும் ஒருவர் அதிகாலையில் எடுத்த படம் முந்தைய நாள் தேதிக்கு நகர்ந்துவிடும். நாட்காட்டி வரிசையில் படம் பார்ப்பவருக்கு இது சிறிய பிழையல்ல.

இந்தக் குப்பையை எல்லாம் தாண்டிவர நான் பரிந்துரைப்பது இமிச்-கோ என்ற திறமூலக் கருவி. ஜிப்பைப் பிரிக்காமலே உள்ளே படித்து, மேலே சொன்ன பெயர்க் குழப்பங்களைத் தனக்குத் தெரிந்த விதிகளால் தீர்த்து, ஜேசனைப் படத்தோடு சேர்த்து, ஆல்பங்களையும் மீட்டு, ஏற்கெனவே சர்வரில் இருப்பவற்றைத் தவிர்த்து ஏற்றுகிறது. கட்டளை வரியில், அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்துதான் இயக்க வேண்டும், ஆனால் கட்டளை ஒரே வரி. எல்லா ஜிப்களையும் ஒரே ஃபோல்டரில் வைத்து ஒரே ஓட்டத்தில் கொடுப்பது முக்கியம். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஜேசன் வேறு ஜிப்பில் உள்ள படங்கள் அனாதையாகிவிடும். எதையும் ஏற்றாமல் வெறும் ஒத்திகை பார்க்கும் வசதியும் உண்டு. அதன் பதிவுக் கோப்பைப் பொறுமையாகப் படித்து, ஜேசன் கிடைக்காத படங்கள் எவை என்று தெரிந்துகொண்ட பிறகு உண்மையான ஏற்றத்தைத் தொடங்குவது நல்லது. இந்த முழு ஏற்பாட்டில் எனக்கு மிகுந்த நிறைவளித்த பகுதி இதுவே.

இமிச் 2022இல் வெளிவரத் தொடங்கிய திறமூலச் செயலி. 2025 அக்டோபரில் 2.0 பதிப்பு வந்தபோதுதான் நிலையான பதிப்பு என்று அதன் ஆக்கியோரே அறிவித்தார்கள். அதுவரை இதை மட்டும் நம்பிப் படங்களை வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அதன் முகப்பிலேயே இருந்தது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. காலவரிசை, நிலப்படம், முகங்களை அடையாளம் கண்டு குழுப்படுத்துதல், படத்தில் இருப்பதைச் சொல்லித் தேடுதல் எல்லாம் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே நடக்கின்றன, படம் எதுவும் வெளியே போவதில்லை. தேடலுக்கு இயல்பாக வரும் ஏஐ மாதிரி (மாடல்) ஆங்கிலத்துக்கானது. தமிழில் தேட விரும்புவோர் அமைப்புகளில் பன்மொழி மாதிரி ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மெமரி கூடுதலாக வேண்டும். மெமரி என்றதும் சொல்லிவிட வேண்டும்: இமிச் குறைந்தது 6 ஜிபி, இயன்றால் 8 ஜிபி கேட்கிறது. 1 ஜிபி, 2 ஜிபியோடு விற்கும் தொடக்கநிலை நாஸ் பெட்டிகளில் இதை நிறுவ முயல்வது வீண். முதல் முறை ஏற்றியதும் சிறுபடங்கள் உருவாக்குவதும் முகங்களை ஆராய்வதும் நாட்கணக்கில் ஓடும். அந்தச் சமயத்தில் பெட்டி மந்தமாவதைக் கண்டு கோளாறு என்று எண்ண வேண்டாம்.

இரண்டு விஷயங்களை நிறுவும்போதே கவனிக்க வேண்டும். படங்களை ஆண்டு, மாதம் என ஃபோல்டர் பிரித்து அடுக்கும் அமைப்பு இயல்பில் அணைந்திருக்கும். அதை இயக்காவிட்டால் கோப்புகள் பொருள் விளங்காத நீண்ட குறியீட்டுப் பெயர்களில் சேமிக்கப்படும், இமிச்சை விட்டு நாளை வேறு செயலிக்குப் போகும்போது அவதிதான். அடுத்து, இமிச் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. திருத்திய தேதியையும் இடத்தையும் எக்ஸ்எம்பி என்ற துணைக் கோப்பில் எழுதுகிறது. ஆல்பங்களும் முகங்களுக்கு இட்ட பெயர்களும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. எனவே படங்கள் உள்ள ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் பாதி உழைப்பு போய்விடும். நாள்தோறும் அது தானே எடுத்து வைக்கும் தரவுத்தள நகலையும் சேர்த்தே காக்க வேண்டும். தேதி படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கருதுவோர், பில் ஹார்வி உருவாக்கிய, படத்துக்குள் உள்ள தகவலைத் திருத்தும் எக்ஸிஃப்டூலை ஏற்றுவதற்கு முன்பே ஓட்டிவிடலாம். நேர வலயத்தைப் பற்றி முன்னர் சொன்னதை மறவாமல்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்போருக்கு நாஸ் நிறுவனங்களே படச் செயலி தருகின்றன. நிறுவுவது எளிது, குறைந்த மெமரியிலும் ஓடும். ஆனால் அவை பொதுவாகப் படத்துக்குள் இருக்கும் தகவலையே நம்புகின்றன. நிறுவனம் மனம் மாறினால் செயலியும் மாறும்: சினாலஜி என்ற நாஸ் நிறுவனத்தின் மொமென்ட்ஸ், போட்டோ ஸ்டேஷன் இரண்டும் 2021இல் அதன் இயங்குதளமான டிஎஸ்எம் 7 வந்தபோது சினாலஜி போட்டோஸ் என்ற ஒன்றுக்கு இடம்விட்டன.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 முறை, ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும். அதற்கு, முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட் வசதியுள்ள பெட்டி வேண்டும். தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்கு இரண்டுமே உதவா. இன்னொரு நகல் வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். வெளியிலிருந்து படம் பார்க்கும் ஆசையில் ரவுட்டரில் போர்ட் திறந்துவிடுவது, அதாவது இணையத்திலிருந்து நேராகப் பெட்டிக்கு வர வழிவிடுவது ஆபத்து. 2022 ஜனவரியில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல் (ரேன்சம்வேர்) இணையத்தில் நேரடியாகத் தெரிந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைத்தான் குறிவைத்தது. வயர்கார்டு போன்ற விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டும் உள்ளே வரும்படி வைத்துக்கொள்வது போதும்.

ஐபோன்காரர்களின் நிலைமை வேறு. ஐகிளவுடுப் படங்களை இழுக்க ஐகிளவுட்பிடி என்ற திறமூலக் கருவி இருக்கிறது. தானாக ஓடும், மூலத் தரத்தில் இறக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை இருபடி உறுதிப்படுத்தலைப் புதுப்பிக்க வேண்டும், ஐகிளவுடில் உள்ளவற்றை ஆப்பிளாலும் படிக்க முடியாதபடி பூட்டும் மேம்பட்ட தரவுப் பாதுகாப்பு என்ற அமைப்பை இயக்கியிருந்தால் வேலை செய்யாது. அந்தப் பாதுகாப்பை இதற்காக அணைப்பது தகுமா என்று கேட்டால், என் பதில் தகாது என்பதே. மேக் கணினியில் மூலப் படங்களை முழுமையாக இறக்கும் அமைப்பை வைத்து அங்கிருந்து நாஸுக்கு நகலெடுக்கலாம்.

பழைய படங்கள் ஏறிய பிறகு, புதிய படங்களுக்கு டேக்அவுட் தேவைப்படாது. போனில் உள்ள இமிச் செயலி நேராக நாஸுக்கு அனுப்பிவிடும். கிளவுடையும் வைத்துக்கொள்வது என் விருப்பம். கைவிட முடிவு செய்பவர்கள், கூகுள் போட்டோஸ் செயலியில் அழிப்பது போனில் உள்ள பிரதியையும் சேர்த்தே அழிக்கும் என்பதை அறிந்து, இரு பக்கத்து எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். காப்புப் பிரதி எடுத்த படங்கள் குப்பைத்தொட்டியில் 60 நாட்கள் இருக்கும், அதற்குள் சந்தேகம் வந்தால் மீட்கலாம். கிளவுடைத் தொடர்பவர்கள், பகிர்ந்த ஆல்பங்களிலும் செயலிக்குள் செய்த திருத்தங்களிலும் சேர்வது நாஸுக்கு வராது என்பதால், டேக்அவுட்டின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்ற அட்டவணையை இயக்கி வைக்கலாம். அது ஆறு ஏற்றுமதிகளோடு, அதாவது ஓராண்டில், தானே நின்றுவிடும். அடுத்த ஆண்டுக்கு மறுபடி கோர வேண்டும்.