மூன்று மாத சிலம்ப வகுப்பு: ஓர் அப்பாவின் கணக்கு

பெரியவனுக்கு வயது 9. வீட்டில் தம்பியை உருட்டிப் புரட்டுகிறானே, அதற்கு ஒரு வடிகால் இருக்கட்டும் என்று பக்கத்துத் தெரு மைதானத்துச் சிலம்ப வகுப்பில் சேர்த்தேன். மாதம் 600 ரூபாய், வாரம் 3 நாள்.

முதல் மாதம் முழுக்கக் காலடி வரிசைதான். கம்பைத் தொடவிடவில்லை என்று அவனுக்கு அழுகை. அப்புறம்தான் ஜோடி சேர்த்துத் தொடுமுறை. அதில் அடித்து வீழ்த்துவது இல்லை. கம்பு எதிராளியின் உடம்பில் பட்டால் புள்ளி.

ஒருநாள் வேகத்தில் தன்னைவிடச் சின்னப் பையனின் மணிக்கட்டில் சுளீரென்று வைத்துவிட்டான். ஆசான் திட்டவில்லை. "கம்பைக் கீழ வை. அவன் கையைப் பிடிச்சுப் பாரு, வீங்குதான்னு சொல்லு" என்றார். இவன் அந்தக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான், முகம் சுண்டிப்போய். அடுத்த சுற்றில் வீச்சு பாதியாகக் குறைந்தது. கனடாவில் செர்ஜியோ பெல்லிஸ் என்ற விஞ்ஞானி எலிக்குட்டிகளின் பொய்ச்சண்டையை ஆராய்ந்தவர். விளையாட வழியில்லாமல் வளர்ந்தவை மற்ற எலிகளோடு பழகத் தடுமாறின. எலி வேறு, பையன் வேறு. சரி, இருந்தாலும் அதைப் படித்தபோது, இப்படி விளையாடித்தான் அடுத்தவன் வலியைப் பார்த்து அடக்கிக்கொள்ளப் பழகுகிறார்களோ என்று அந்த மணிக்கட்டு ஞாபகம் வந்தது.

குறை: 28 பிள்ளைகளுக்கு ஒரே ஆசான். பாதி நேரம் சும்மா நிற்கிறார்கள். தலைக்கவசமும் கிடையாது, கேட்டால் சிரிக்கிறார்கள்.

தம்பியை உருட்டுவது நிற்கவில்லை. ஆனால் "போதும்ணா" என்றால் விட்டுவிடுகிறான். அடுத்த மாதத்துக்கும் பணம் கட்டியாயிற்று.