பெர்ஃப் சி2சி: கேஷ் லைன் வரை கைபிடித்து அழைத்துச் செல்லும், பெயரை மட்டும் சொல்லாது

லினக்ஸில் நிரல்களின் வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவிக்கு, கோர்கள் ஒரே கேஷ் லைனுக்காக மோதும் இடங்களைக் காட்டும் சி2சி (perf c2c) என்றொரு துணைக்கட்டளை உண்டு. நெடுநாளாக அதைப் பயன்படுத்தி வருகிறேன் என்பது தெரிந்து, தம் குழுவினர் அனைவரும் அதைக் கற்றுக்கொள்ளலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அண்மையில்தான் அந்தக் கருவியின் துணையோடு ஒரு சர்வர் நிரலில் வருவதும் போவதுமாக இருந்த மந்தத்தைச் சரிசெய்து முடித்திருந்தேன். ஆகவே ஒற்றை வரியில் பதில் சொல்லாமல் விரிவாகவே எழுதுகிறேன். கேஷ் லைன் என்பது செயலி நினைவகத்திலிருந்து ஒரே மூச்சில் எடுத்துவரும் துண்டு, பெரும்பாலும் 64 பைட். செயலியின் இரண்டு கோர்கள் ஒரே லைனுக்காக மல்லுக்கட்டினால் அது அவற்றிடையே அலைந்து வேலை மந்தமாகும் என்பதை மட்டும் வாசிப்பவர் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் அதற்குரிய பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 2017-இல் லினக்ஸ் 4.10 கெர்னலோடு இந்தத் துணைக்கட்டளை வருவதற்கு முன்பு, வேறொரு கோர் மாற்றி வைத்திருந்த லைனை நம் லோடு (நினைவகத்தைப் படிக்கும் கட்டளை) போய்த் தொட்ட நிகழ்வுகளை, அதாவது ஹிட்-எம்களை, பெர்ஃப் ஸ்டாட் மூலம் எண்ண முடிந்தது. ஆனால் எந்தச் செயலிக் கட்டளை எந்தத் திரெட்டோடு (நிரலுக்குள் இணையாக ஓடும் இழையோடு) மோதியது என்பதைப் பெரும்பாலும் நாமே பொருத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. சி2சி ஒவ்வொரு மாதிரியிலும் தரவின் முகவரி, கட்டளையின் முகவரி, லோடுக்கு ஆன சைக்கிள்கள், தரவு எங்கிருந்து வந்தது என்ற விவரம் ஆகிய நான்கையும் சேர்த்து எடுத்து, அவற்றை லைன் வாரியாகத் தொகுத்து, அதே சாக்கெட்டுக்குள் (ஒரே செயலிச் சில்லுக்குள்) நடந்த மோதலையும் அடுத்த சாக்கெட்டோடு நடந்த மோதலையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. சில விநாடிகள் பதிவு செய்தாலே போதுமானது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் திரும்பக் கம்பைல் செய்யவோ நிறுத்தவோ தேவையில்லை. இந்த அளவுக்கு நேராக விஷயத்துக்கு வரும் கருவி கட்டளை வரியில் வேறொன்று எனக்குக் கிடைத்ததில்லை.

நான் சரிசெய்த சிக்கலையே எடுத்துக்கொள்வோம். திரெட்களை இரட்டிப்பாக்கினால் வேலையின் அளவு ஏறக்குறைய அப்படியே நின்றது. கோர்கள் அனைத்தும் முழு மூச்சில் ஓடின. பெர்ஃப் டாப் காட்டிய சூடான இடமோ, அதாவது நேரத்தை அதிகம் விழுங்கும் இடமோ, ஒரு சாதாரணக் கூட்டல் கட்டளை. அதைவிட வியப்பு என்னவென்றால், சில வெளியீடுகளில் மட்டுமே இந்த மந்தம் இருந்தது, தொடர்பே இல்லாத ஒரு மாற்றத்துக்குப் பின் தானாக மறைந்தது, பிறகு மற்றொரு வெளியீட்டில் திரும்பி வந்தது. சி2சி அறிக்கையைத் திறந்தபோது அட்டவணையின் உச்சியில் அடுத்தடுத்த முகவரிகளைக் கொண்ட லைன்கள் ஒரே சாயலில் அணிவகுத்து நின்றன. அவற்றுள் எதன் விவரத்தைத் திறந்தாலும் இரண்டே வரிசைகள்தாம் இருந்தன: லைனின் 16-ஆம் பைட்டில் ஒன்று, 8-ஆம் பைட்டில் மற்றொன்று. கருவி இவற்றைப் பதினாறடிமானத்தில் அச்சிடும். நான் பத்தடிமானத்திலேயே எழுதுகிறேன்.

16-ஆம் பைட்டில் இருந்த வரிசைதான் ஹிட்-எம் முழுவதையும் தாங்கியிருந்தது. 8-ஆம் பைட்டின் வரிசையில் ஹிட்-எம் பூஜ்யம். அதில் ஸ்டோர்கள், அதாவது நினைவகத்தில் எழுதும் கட்டளைகள், மட்டுமே பதிவாகியிருந்தன. புதிதாக இதைப் பார்ப்பவர் முதல் வரிசையையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். ஆனால் அது அடிபடும் இடம். அடிப்பது இரண்டாவது வரிசை. ஹிட்-எம் என்பது லோடுக்கு மட்டுமே உரிய குறி என்பதால், எழுதிவிட்டு மட்டும் போகும் திரெட் தன் அண்டை வீட்டை எவ்வளவு வாட்டினாலும் அந்தப் பத்தியில் அதன் பெயர் ஏறாது. அட்டவணை ஹிட்-எம் அடிப்படையில் அடுக்கப்படுவதால், ஸ்டோர்கள் மட்டுமே மோதிக்கொள்ளும் லைன் ஒன்று இருந்தால் அது கீழே எங்கோ புதைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வரிசைகளும் வெவ்வேறு பைட்களில் இருந்ததால் இது ஃபால்ஸ் ஷேரிங், அதாவது தொடர்பில்லாத தரவுகள் ஒரே லைனில் அமர்ந்ததால் வரும் மோதல், என்பது உடனே தெரிந்துவிட்டது. ஒரே பைட்டில் மோதியிருந்தால் உண்மையிலேயே பகிரப்படும் தரவு என்று பொருள், அதற்கு மருந்து வேறு. ஆனால் அந்த 8-உம் 16-உம் யாருடையவை? என் தீராத மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. தரவு ஹீப்பில் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகத்தில்) இருந்தால் சி2சி வெறும் முகவரியைத்தான் தருகிறது. எந்த ஸ்ட்ரக்ட் (பல உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய தரவு அமைப்பு), அதில் எந்த உறுப்பு என்பதைச் சொல்வதில்லை. ஃபங்ஷனின் பெயரும் மூல வரியும் உண்டே என்று கேட்கலாம். சி++ ஆட்டாமிக்குகள் (திரெட்கள் பாதுகாப்பாகப் பகிர உதவும் மாறிகள்) இன்லைன் ஆகி, அதாவது அழைக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே கரைந்துவிடுவதால், இரண்டு வரிசைகளின் மூல வரியும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஆட்டாமிக் ஹெட்டர் கோப்பையே சுட்டின. அந்தக் கோப்பை நான் எழுதவில்லை. அதில் திருத்துவதற்கும் ஒன்றுமில்லை. ஃபங்ஷனின் பெயரோ பல ஆட்டாமிக்குகளை உள்ளடக்கிய ஒரு பெரிய சுழற்சியினுடையது. எனவே கட்டளையின் முகவரியை எடுத்துக்கொண்டு, அசெம்பிளியைப் பிரித்து, எந்த ரிஜிஸ்டரோடு எந்த எண்ணைக் கூட்டி முகவரி அமைக்கப்படுகிறது என்று பார்த்து, அதைப் பாஹோல் என்ற கருவி தரும் ஸ்ட்ரக்ட் வரைபடத்தோடு கையால் பொருத்த வேண்டியிருந்தது.

அந்தப் பொருத்தலும் எளிதன்று. 64-பிட் கணினிகளில் கிலிப்சியின் (லினக்ஸின் சி லைப்ரரியின்) நினைவக ஒதுக்கீட்டு ஃபங்ஷனான மேலாக், தொடக்க முகவரி 16-ஆல் வகுபடும் என்ற ஒழுங்கைத்தான் உறுதிசெய்கிறது. ஆகவே ஒரு ஸ்ட்ரக்ட் லைனின் 0, 16, 32, 48 என்ற நான்கு இடங்களில் எதிலும் தொடங்கலாம். லைனுக்குள் 40-ஆம் பைட் என்று கருவி சொன்னால், அது ஸ்ட்ரக்டின் 40-ஆம் பைட்டாக இருக்கலாம், 24-ஆகவோ 8-ஆகவோ இருக்கலாம், அல்லது லைனைத் தாண்டி வந்த முந்தைய ஸ்ட்ரக்டின் வாலாகவும் இருக்கலாம். தொடக்க முகவரியை அறியாதவரை எல்லாமே ஊகம்தான்.

எங்கள் நிரலில் நடந்ததும் துல்லியமாக இதுவே. ஒவ்வொரு திரெட்டுக்கும் ஓர் இடம் என்று ஓர் அர்ரே இருந்தது. அதன் ஸ்ட்ரக்ட் சரியாக 64 பைட். ‘ஒரு கேஷ் லைனுக்குள் அடங்கும்’ என்ற குறிப்பும் அதன் தலையிலேயே எழுதப்பட்டிருந்தது. அளவு சரி, தொடக்கம் சரியில்லை. அர்ரே லைனின் 16-ஆம் பைட்டில் தொடங்கியதால், ஒவ்வோர் இடத்தின் முதல் 48 பைட் ஒரு லைனிலும் கடைசி 16 பைட் அடுத்த லைனிலும் விழுந்தன. ஸ்ட்ரக்டின் முதல் உறுப்பு ஒவ்வொரு கோரிக்கைக்கும் கூடும் கவுண்டர். அது 16-ஆம் பைட்டுக்கு வந்தது. கடைசி உறுப்பு ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுதப்படும் நேர முத்திரை. அது ஸ்ட்ரக்டின் 56-ஆம் பைட்டில் இருந்ததால், அடுத்த லைனின் 8-ஆம் பைட்டில் போய் அண்டைத் திரெட்டின் கவுண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. தொடர்பில்லாத ஏதோ ஒன்று அதற்கு முன் ஹீப்பில் சற்றுக் கூடுதலாக இடம் கேட்ட வெளியீடுகளில் அர்ரே 0-ஆம் பைட்டுக்கு நகர்ந்திருக்கிறது, மந்தமும் மறைந்திருக்கிறது. ஸ்ட்ரக்டுக்கு 64 பைட் அலைன்மென்ட் (64-ஆல் வகுபடும் தொடக்க முகவரி) கேட்டு, சி++17-இல் நினைவகம் வாங்கும் நியூ அதை மதிக்கும்படி கம்பைல் செய்ததும் அந்த லைன்கள் அட்டவணையிலிருந்தே போய்விட்டன. திரெட்களைக் கூட்டியபோது வேலையும் கூடவே ஏறியது. சில இன்டெல் செயலிகள் பக்கத்து லைனையும் சேர்த்தே முன்கூட்டி இழுத்துவரும் என்பதால் 128 வைப்பதும் உண்டு, இங்கே தேவைப்படவில்லை.

இவ்வளவையும் எனக்கு வெளிச்சமிட்டுக் காட்டியது சி2சி-தான். அந்த 8, 16 என்ற இரண்டு எண்கள் இல்லாமல் இதை நான் கண்டிருக்கவே முடியாது. ஆயினும் அந்த எண்களிலிருந்து இரண்டு உறுப்புகளின் பெயருக்கு வந்து சேர ஆன உழைப்பு, லைனைக் கண்டுபிடிக்க ஆனதைவிடப் பன்மடங்கு அதிகம்.

நியாயமாகப் பார்த்தால் கருவியை ஓரளவுக்கு மேல் குறைசொல்ல முடியாது. செயலி தருவது முகவரி மட்டுமே. ஹீப்பில் எந்த இடத்தை எதற்காக வாங்கினோம் என்பது நிரலுக்குள்ளேயே நடக்கும் விவகாரம், கெர்னலுக்கு அது தெரியாது. ஆனால் நிரலை டீபக் தகவலோடு (மாறிகளின் வகைகளையும் மூல வரிகளையும் விவரிக்கும் குறிப்புகளோடு) கம்பைல் செய்திருக்கிறேன். எந்தக் கட்டளை எந்த வகைத் தரவின் எந்த உறுப்பைத் தொடுகிறது என்பதைப் பெரும்பாலும் அந்தத் தகவலிலிருந்தே பிரித்தெடுத்துவிட முடியும். நான் கையால் செய்ததும் அதுதானே! லினக்ஸ் 6.8 முதல் பெர்ஃபிலேயே தரவு வகை வாரியாக மாதிரிகளைத் தொகுக்கும் வசதி வந்திருக்கிறது. சி மொழியில் எழுதிய நிரல்களுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே கருவிப்பெட்டிக்குள் அந்த அறிவு இருக்கும்போது, அது மிகவும் தேவைப்படும் அட்டவணையில், நான் பயன்படுத்தும் பதிப்பில், அது தலைகாட்டாதது எனக்குக் கோபத்தையே தருகிறது.

மற்றக் குறைகள் எனக்குப் பெரியவை அல்ல. மெய்நிகர் கணினிகளில் பல சமயம் பெப்ஸ் (இன்டெல் செயலிகளில் மாதிரி எடுக்கும் வசதி) கிடைக்காது, கருவி ஓடவே மறுத்துவிடும். நேரடி வன்பொருளில்தான் சோதிக்க வேண்டும். கணினி முழுவதையும் பதிவு செய்ய ரூட் (நிர்வாகி) அல்லது அதற்கு இணையான அனுமதி வேண்டும். ஏஎம்டி-யில் ஐபிஎஸ் என்ற அதன் சொந்த வசதி வழியாக மாதிரி எடுப்பதால் லோடு, ஸ்டோர் அல்லாதவையும் கலந்து வரும், கூடுதல் நேரம் பதிவு செய்ய நேரலாம். ஆர்ம் செயலிகளில் ஹிட்-எம் பத்தியை விட்டுவிட்டுப் பியர் என்ற காட்சியைப் படிக்க வேண்டும். பெரிய நிரலுக்கு மூல வரிகளைத் தேடி எடுக்கும் கட்டத்தில் அறிக்கை திறப்பதற்குப் பொறுமை வேண்டும்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இத்தனை புகழ்ந்த பிறகும், குழுவினர் அனைவரும் இதைக் கற்க வேண்டாம் என்பதே இப்போதைக்கு என் பதில். அசெம்பிளியைப் படிக்கத் தயங்காத, ஸ்ட்ரக்ட்களின் அமைப்பைக் கையால் கணக்கிடக்கூடிய ஒருவர் கற்றால் போதும். மற்றவர்கள் ஹிட்-எம் பத்தியின் உச்சியைப் பார்த்து, அடிபட்ட உறுப்பையே குற்றவாளி என்று எண்ணி, தவறான இடத்தில் இடைவெளி இட்டுவிட்டு வருவார்கள். அந்த ஒருவருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: திரெட்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஒவ்வொரு அர்ரேயின் தொடக்க முகவரியையும், அதை 64-ஆல் வகுத்த மீதியையும் நிரல் கிளம்பும்போதே லாக் கோப்பில் எழுதிவிடச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி கையில் இருந்தால், சி2சி தரும் ஆஃப்செட்டிலிருந்து உறுப்பின் பெயருக்குச் செல்ல ஒரு கழித்தல் போதும்.