செட்டிநாட்டு வீடுகளில் தங்கப் போகிறீர்களா? அறையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்

கானாடுகாத்தான், கடியாபட்டி, கொத்தமங்கலம், காரைக்குடி என நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களில் சில பெரிய வீடுகள் இப்போது தங்கும் விடுதிகளாக நடக்கின்றன. படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்: பர்மா தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல், வெயில் இறங்கும் வளவு (வீட்டு நடுவே உள்ள திறந்த முற்றம்). தங்கினால்தான் வித்தியாசம் புரியும். கல்யாணமும் விசேஷமும் நடத்தவும், சீர் சாமான்களைப் பூட்டி வைக்கவும் கட்டிய வீடுகள் இவை. கட்டிலை எங்கே போட்டார்கள், குழாயை எங்கே இழுத்தார்கள் என்பதில்தான் ஒரு விடுதியின் தரம் இருக்கிறது.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாக ஒதுக்கியவை. கதவு வேலைப்பாடு பிரமாதமாக இருக்கும். உள்ளே இடமும் குறைவு, ஜன்னலும் பெரும்பாலும் இல்லை. சுவர் கனமாக இருப்பதால் பகலில் குளுமை கிடைக்கும். ஆனால் மின்சாரம் போய் ஏசி நின்றால் காற்றுக்கு வழி கிடையாது. ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா, விளக்கும் விசிறியும் மட்டும்தானா என்று முன்பே கேளுங்கள். வளவில் பேசுவது அத்தனையும் அறைக்குள் கேட்கும் என்பதால் சீக்கிரம் தூங்குகிறவர்கள் மாடி அறையோ, தெருப் பக்க ஜன்னல் உள்ள அறையோ கேட்பது நல்லது.

அடுத்தது குளியலறை. பழைய வீட்டில் அறைக்குள் அது இருந்ததே இல்லை, எல்லாம் பிற்சேர்க்கை. வெளிச்சுவரை ஒட்டி, தரைத்தளத்தில் கட்டியிருந்தால் கவலையில்லை. மாடியில், தேக்கு உத்திரத்தின் மேல் கட்டியிருந்தால் சிறு கசிவுகூட மரத்துக்குள் இறங்கி உளுத்துப்போகச் செய்யும், கரையானும் வரும். கீழே நின்று உத்திரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், கறை இருந்தால் பராமரிப்பு சரியில்லை. 15 லிட்டர் கீசர் என்றால் இரண்டு பேர் அடுத்தடுத்துக் குளிக்க முடியாது, நடுவில் காத்திருக்க வேண்டும்.

சுவரைத் தொட்டுப் பார்ப்பதும் அவசியம். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லத் தண்ணீர், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு என்று பல அடுக்காகப் பூசித் தேய்த்த சுவர் இன்றும் வழவழப்பாக மின்னும். அதில் விரிசலைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி ஓரத்தில் உப்புப் பூக்கும், சுற்றியுள்ள சுண்ணாம்பும் உதிரும். சுண்ணாம்பாலேயே சீர் செய்யும் விடுதிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தவறில்லை. தரையும் அப்படித்தான். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அமிலம் கலந்த திரவத்தால் துடைத்தால் அந்த மேல்பரப்பு அரித்துப்போகும். நிறம் மங்கி வெளிறிய தரை அதற்குச் சாட்சி. நல்ல தரை ஈரமானால் வழுக்கும், வயதானவர்கள் கவனம்.

பெயர் சொல்ல வேண்டுமானால்: கானாடுகாத்தான் ‘விசாலம்’ ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டிய வீடு. ஆர்ட் டெக்கோ என்ற மேற்கத்திய கட்டடப் பாணி, பெரிய அறைகள், நல்ல வெளிச்சம். பெற்றோரை அழைத்துப்போக இதுதான் என் முதல் தேர்வு. கடியாபட்டி ‘சிதம்பர விலாஸ்’ பல கட்டுகள் (ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த பகுதிகள்) கொண்ட முழு வீட்டின் பிரமாண்டத்தைக் காட்டும், திருமயம் கோட்டையும் பக்கம். கொத்தமங்கலம் ‘சாரதா விலாஸ்’ கட்டடக்கலை ஆர்வலர்களுக்கு. காரைக்குடி ‘பங்களா’ வளவு வீடு அல்ல, ஆனால் சாப்பாட்டுக்கு அங்கேதான் போக வேண்டும். இலைச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேரே போய் நின்றால் கிடைக்காமல் போகலாம்.

சமையலை எடைபோட வெள்ளைப் பணியாரம் போதும். பச்சரிசியை ஆழாக்கு என்ற அளவைப் பாத்திரத்தில் தலைதட்டி அளந்து, அதன் மேல் கோபுரமாக நிற்கும் அளவே உளுந்து. உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் கல்லாகும். ஓரம் முறுகி, நடு பஞ்சாக, சுடச்சுட இலைக்கு வந்தால் சமையல்கட்டில் விஷயம் தெரிந்த ஆச்சி இருக்கிறார் என்று நம்பலாம். ஆறவைத்துக் கொண்டுவந்தால் ரப்பர். எல்லாவற்றிலும் மிளகுக் காரத்தை மட்டும் ஏற்றி ‘செட்டிநாடு’ என்பவர்களிடம் கல்பாசி, மராட்டி மொக்கு போன்ற மசாலாக்கள் எங்கே என்று கேட்கத் தோன்றும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பருவம் இதம். முகூர்த்த நாட்களில் சில வீடுகள் குடும்பக் கல்யாணத்துக்குப் போய்விடும், தேதியைச் சரிபாருங்கள். மதுரை, திருச்சி இரண்டிலிருந்தும் சுமார் 90 கிலோமீட்டர். செட்டிநாடு ரயில் நிலையத்தில் எல்லா வண்டியும் நிற்காது. காரைக்குடியில் இறங்கி வண்டி பிடிப்பதே சுலபம்.